மூன்று மணி நிழல்

தேனடுக்கத்தில் யாரும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள் என்பதும், வெள்ளூரணியில் யாரும் எதற்கும் ஒரே வாயில் சரி என்று சொல்லமாட்டார்கள் என்பதும் இரண்டு ஊரையும் பார்த்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பார்க்காதவர்கள் நாகஜோதியிடம் கேட்டுக்கொள்ளலாம். அவள் முதல் ஊரில் பிறந்து இரண்டாம் ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

தேனடுக்கம் மலை ஊர். ஊருக்கு மேற்கே கொண்டைப்பாறை என்று ஒரு பெரும்பாறை, கொண்டை போட்ட பொம்பளை ஒருத்தி குனிந்து அரிசி புடைக்கிற மாதிரி நிற்கிறது. மத்தியானம் மூன்று மணிக்குச் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். பாறையின் நிழல் ஊர்மேல் விழுந்து பரவும். அதோடு காப்பித் தோட்டத்தில் நிற்கிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரமண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து, முகம் குளிர்ந்து, மனசு குளிர்ந்து, பொழுது இருட்டும் வரை மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே சத்தம் போட்டுத் திட்டினால் பாறை அந்தத் திட்டை வாங்கித் திட்டினவர் முகத்திலேயே திருப்பி எறிந்துவிடும். அதனால் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து குரலைத் தாழ்த்திப் பேசிப் பேசி, அந்த ஊர்க்காரர்களுக்குத் தொண்டையே அப்படி அமைந்துபோயிற்று. தொண்டை அமைந்த மாதிரியே குணமும் அமைந்தது.

வெள்ளூரணி கரிசல் காடு. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மேடு என்று ஒன்று கிடையாது, மரம் என்றால் உடைமரம்தான், அதன் நிழலில் ஒரு கோழி நிற்கலாம். சொன்ன சொல்லைத் தடுத்துத் திருப்பித் தர அங்கே ஒன்றும் இல்லாததால் அது போய்க்கொண்டே இருக்கும். போனது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். காலை ஆறு மணிக்குக் கண்ணைச் சுருக்கினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் விரிக்க முடியும் என்பதால், எல்லோர் முகத்திலும் எந்நேரமும் ஒரு சந்தேகக்களை இருக்கும். குண்டு மிளகாய் போட்டுக் காயவைத்துப் பிழைக்கிற ஊர். கோபமும் மிளகாய் மாதிரி, சுருக்கென்று ஏறும். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்துவிடும், அதையும் சொல்லவேண்டும்.

அந்த ஊர்க் காளிராஜ் மலைவாழைத்தார் ஏற்றிப் போக வேனை ஓட்டிக்கொண்டு தேனடுக்கத்துக்கு வருகிறவன். ஒரு தடவை வாழைத்தாரோடு பெண்ணும் கேட்டான். சடையாண்டி சரி என்றார். அவர் மகள் நாகஜோதியும் சரி என்றாள், அந்த ஊரில் அதற்கு வேறு சொல் கிடையாது. அவள் நல்ல நேரம், அவன் தங்கமானவனாக வாய்த்தான்.

பிரசவத்துக்கு மலைக்கு வந்து, கனிஷ்கா பிறந்து, பிள்ளை குப்புற விழுகிற பருவத்தில் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் விடுகிற நாள் வந்தது. அந்த நாளில் தேனடுக்கத்தில் ஒரு வழக்கம். தகப்பன் கையில் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு ஊர் முன்னால் மகளிடம், "இந்த வீட்டுல இருந்து இன்னும் உனக்கு என்ன வேணும் தாயி?" என்று கேட்பார். மகள் கேட்டதைக் கொடுத்தாச்சு என்று சொல்லி வெற்றிலையை அவள் கையில் வைத்துவிட்டால் அது அவள் சொத்து. சிலர் தொட்டில் கேட்பார்கள், சிலர் கொலுசு, வாய் உள்ளவள் கறவை மாடு கேட்பாள்.

"எனக்கு எல்லாம் இருக்குப்பா. நம்மூரு மூணு மணி நிழல் ஒண்ணுதான் அங்க இல்லை. அதைக் குடுங்க" என்று சொல்லி நாகஜோதி சிரித்தாள்.

ஊரே சிரித்தது. சடையாண்டியும் சிரித்துக்கொண்டே, "கொடுத்தாச்சு தாயி" என்று வெற்றிலையைக் கொடுத்தார். எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். ஊருக்குப் பொதுவானதை ஒரு வீட்டுச் சீராகக் கொடுக்கலாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மாசியில் வெள்ளூரணிக்கு வந்தார்கள். பங்குனி பிறந்ததும் பிள்ளைக்கு முதலில் கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்தது, பிறகு தலையில் சூட்டுக்கட்டி, பிறகு பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் குருவத்தாய் நுங்குத் தண்ணீர் தடவினாள், வெந்தயம் அரைத்து உச்சியில் வைத்தாள், ஈர வேட்டியைத் தொட்டிலைச் சுற்றிக் கட்டினாள், கட்டின வேகத்தில் அது காய்ந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது.

சுகாதார நிலையத்து நர்சம்மா பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு நாகஜோதியைப் பார்த்தாள்.

"எடை இறங்கிக்கிட்டே போகுது. நோவுன்னு ஒண்ணும் இல்லம்மா. வெக்கை ஒத்துக்கலை. உங்க அம்மா வீடு மலையிலதானே? தேறுற வரைக்கும் அங்க வச்சுக்க."

"எம்புட்டு நாளைக்கு?" என்று குருவத்தாய் கேட்டாள்.

"ரெண்டு மூணு வருசம் இருந்தா நல்லது."

பஸ் ஏறும் வரை குருவத்தாய் வாய் திறக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பிள்ளை மேல, பிள்ளையோட அப்பன் கீழ. நடுவுல இந்தப் பஸ்ஸா குடும்பம் நடத்தும்?"

நாகஜோதி பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படிப் போனவர்களை அவளுக்குத் தெரியும். கீழத்தெருவில் ஒருத்தி பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லை என்று தாய்வீடு போனாள்; முதல் வருசம் புருஷன் மாதம் ஒருதரம் போனான், பிறகு தீபாவளிக்குப் போனான், பிறகு போகவில்லை. போகாமல் இருந்தால் பிள்ளை தங்காது. போனால் இந்த வீடு தங்காது. காளிராஜ் பரணிலிருந்து பெரிய பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தான்.

அவள் அந்தப் பையில் பிள்ளைத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் நிழல் வந்தது.

மத்தியானம் மூன்று மணி. மேற்கே ஒன்றுமே இல்லாத வெட்டவெளியிலிருந்து அது கிளம்பி, பருத்திக் காட்டைத் தாண்டி, மிளகாய்க் களத்தை மூடி, கோயிலை மூடி, தெருவில் ஏறி, வீட்டு ஓடுகளின் மேல் ஈரவேட்டியை விரித்த மாதிரி படிந்தது. காகங்கள் கத்துவதை நிறுத்தின. நாகஜோதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, தரிசில் விழுந்து கிடந்த நிழலின் ஓரத்தைப் பார்த்தாள். கொண்டை தெரிந்தது. கொண்டைக்குக் கீழே மலை ஆடு ஒன்றின் நிழல் சாவகாசமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"வந்துருச்சா" என்றாள்.

"என்ன புள்ள இது?" என்றாள் குருவத்தாய்.

"எங்க அப்பா குடுத்த சீர் அத்தை."

"மாசியில குடுத்தது இப்பத்தான் வருதா?"

"மலை நிழலாச்சே, மெதுவாத்தான் நடக்கும்."

குருவத்தாய் யோசித்தாள். சாத்தூர்ப் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் முந்தின வாரம் எதுவோ குளிர்ச்சியாகத் தங்களைத் தாண்டிப் போனதாகச் சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது. "சரி, சீர்னு வந்தா வாசல்ல நிறுத்தக் கூடாது. ஆரத்தி கரை" என்றாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, நிழலுக்கு ஆரத்தி எடுத்து, வலதுபக்கம் ஊற்றி, உள்ளே கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் கனி வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். காளிராஜ் பையைத் திரும்பப் பரணில் போட்டான்.

அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு நிழல் வந்தது. வெள்ளூரணிக்காரர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள், அது அவர்கள் சுபாவம். யாருடையது, யாரைக் கேட்டு வந்தது, பட்டா யார் பேரில் என்றெல்லாம் பேசினார்கள். குருவத்தாய் மருமகளுக்கு வந்த சீர் என்று தெரிந்ததும் பேச்சு அடங்கியது. சீர் என்றால் கேள்வி கிடையாது, கூடக்குறைய இருந்தால் குறை மட்டும் சொல்லலாம். "சீர் குடுத்தவக கொஞ்சம் முன்னாடியே ரெண்டு மணிக்கு வர்ற மாதிரி குடுத்திருக்கக் கூடாதா?" என்று அடுத்த வீட்டுக்காரி குறை சொல்லி அதைத் தன்னுடையதாகவும் ஆக்கிக்கொண்டாள். பஸ் டிரைவர் ஊர் எல்லையில் விளக்கைப் போட்டு, மறு எல்லையில் அணைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மலை ஆட்டின் நிழலைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். அது பிடிபடாமல் பருத்திச் செடிகளின் மேல் ஏறி இறங்கிப் போனது.

சித்திரை வந்தது, அக்கினி நட்சத்திரம் வந்தது. ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூட வேர்க்குரு இல்லை. நீர்க்கடுப்பு என்று யாரும் முனகவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போனவர்களுக்குக் கொதிப்பு இறங்கியிருப்பதை நம்பாமல் நர்சம்மா கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். சுருங்கியே இருந்த கண்கள் விரிந்ததில், கல்யாணமாகிப் பேரன் எடுத்தவர்கள்கூடத் தங்கள் பெண்டாட்டியின் கண் பூனைக்கண் என்று அப்போதுதான் பார்த்தார்கள். குழாயடியில், "நீங்க பிடிங்க மதினி", "இல்ல, நீங்க பிடிங்க" என்று தண்ணீர் நிரம்பி வழிந்து ஓடியது. குருவத்தாய் ஒருநாள் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏத்தா, எனக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது. காலையில இருந்து யாரையும் ஒரு வார்த்தை சொல்லலை" என்று கவலைப்பட்டாள்.

நஷ்டமும் இருந்தது. களத்தில் காய்ந்த மிளகாய் மூன்று மணிக்கு மேல் வெயில் பார்க்காமல் வெளுத்துப்போயிற்று. வியாபாரி ஒரு வத்தலை எடுத்துக் கடித்து, இன்னும் கடித்து, முழுசாகத் தின்று முடித்துவிட்டு, "என்னய்யா இது, கொத்தவரங்காய் வத்தலா?" என்று கேட்டார். முந்தைய வெள்ளூரணியாக இருந்தால் அவர் வேன் கண்ணாடி தப்பியிருக்காது. "பாத்துக்கலாம் வாங்க, மோர் குடிங்க" என்றார்கள். எதற்கெடுத்தாலும் பாத்துக்கலாம். கோயில் கூரை ஓடு சரிந்தது, பாத்துக்கலாம் என்றார்கள். ஊரணி மடை உடைந்து தண்ணீர் போனது, அதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

நாகஜோதியின் தங்கை சுகப்பிரியா மலையிலிருந்து போன் பண்ணினாள்.

"அக்கா, அப்பா கத்துனாரு."

"நம்ம அப்பாவா?"

"கறிவேப்பிலைச் செடியை ஆடு கடிச்சிருச்சுன்னு கத்துனாரு. பாறை திருப்பிக் கத்துச்சு. யாரைப் பாத்துக் கத்துறன்னு இவரு பாறையைக் கத்துனாரு. விளக்கு வைக்கிற வரைக்கும் அப்பாவும் பாறையும் கத்திக்கிட்டே இருந்தாங்க. இப்பத் தொண்டை கட்டி வெந்நீர் குடிச்சுக்கிட்டிருக்காரு."

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது, தங்கை மேற்கொண்டு சொன்னதில் பாதியில் நின்றும் போயிற்று. மலையில் இப்போது பாறைக்குப் பின்னால் சூரியன் போனாலும் நிழல் விழுவதில்லை. பாறை கண்ணாடி மாதிரி வெயிலை விட்டுவிடுகிறது. காப்பி இலை கருகுகிறது. ஊற்று நூலாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வடிகிறது. வெயிலே பட்டறியாத தோல், கரிசல்காரர்களின் தோல் மாதிரி பதப்பட்டது இல்லை, வெடித்து எரிகிறது. எரிகிற எரிச்சலில் ஒருவரை ஒருவர் கண்டால் ஆவதில்லை.

"நிழலைத் திருப்பிக் கேக்குறியா பிரியா?" என்றாள் நாகஜோதி.

"நான் ஒண்ணும் கேக்கலை. உனக்கு மட்டும்தான் பிள்ளையா? இங்க பிள்ளைகளே இல்லையா?" என்று சொல்லிவிட்டுத் தங்கை போனை வைத்தாள். அவள் அப்படிப் பேசி நாகஜோதி கேட்டதே இல்லை. அன்று காளிராஜிடம் சொன்னாள், மாமியாரிடம் சொன்னாள். இருவரும் வருத்தப்பட்டார்கள். இருவரும் பாத்துக்கலாம் என்றார்கள்.

ஆனி மாதம் தேனடுக்கத்துக்காரர்களே வந்துவிட்டார்கள். இரண்டரை மணிக்கு வேன் வந்து நின்றது. ஊர்த்தலைவர் வெள்ளைச்சாமி முதலில் குதித்தார், பின்னால் பத்துப் பதினைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் சடையாண்டி குற்றவாளி மாதிரி இறங்கினார், கடைசியில் சுகப்பிரியா. எல்லோர் முகமும் கருத்து, உதடு வெடித்து, கண் சுருங்கி இருந்தது.

"யாருய்யா இங்க பெரிய ஆளு? ஒரு ஊரு நிழலை வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, சோறு இறங்குதா உங்களுக்கு?" என்று வெள்ளைச்சாமி தெருவில் நின்று கத்தினார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிங்க" என்றார்கள் வெள்ளூரணிக்காரர்கள்.

"மோரைக் கொண்டு குப்பையில ஊத்துங்க."

"சரிங்க. எந்தக் குப்பையில?"

இப்படியே அரை மணி நேரம் ஒரு பக்கம் மட்டும் சண்டை நடந்தது. மணி மூன்றானது. நிழல் வந்து தெருவில் ஏறி, வெள்ளைச்சாமியின் செருப்பைத் தொட்டு, வேட்டியைத் தொட்டு, முகத்துக்கு ஏறியது. சொல்ல எடுத்த சொல்லை அவர் பாதியில் விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தன் ஊர் நிழலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒரு கிழவர் அழுதார்.

"பிள்ளை எப்படி இருக்கா தாயி?" என்று வெள்ளைச்சாமி தன் பழைய குரலில் கேட்டார். நாகஜோதி கனியைக் கொண்டுவந்து காட்டினாள். கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து இருந்தாள் கனி. "நல்லா இருக்கட்டும். இது இங்கேயே இருக்கட்டும் தாயி. நாங்க எப்படியோ சமாளிச்சுக்கிடுறோம்."

"அதெப்படிங்க, நீங்க கொண்டு போங்க" என்றது வெள்ளூரணி.

"சேச்சே, குடுத்தது குடுத்ததுதான்."

"உங்க பிள்ளைக வாடுதுல்ல, கொண்டு போங்க."

"உங்க பிள்ளைக என்ன, எங்க பிள்ளைக என்ன, வச்சுக்குங்க."

நாகஜோதி கேட்டுக்கொண்டே நின்றாள். இவர்கள் இப்படியே பேசிப் பொழுது சாயும், வேன் ஏறிப் போவார்கள், மலையில் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும், மறுபடி வருவார்கள், மறுபடி மோர் குடிப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எல்லாரும் எந்திரிங்க. நிழல்ல உக்காந்து இதுக்கு முடிவு வராது. வெயிலுக்கு வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

ஊரணிக்கரையைத் தாண்டி நிழலின் விளிம்பு முடிந்தது. அதற்கு அந்தப்பக்கம் வெயில் பொரிந்தது. இரண்டு ஊரும் விளிம்பைக் கடந்து போய் நின்றார்கள். நின்ற கொஞ்ச நேரத்தில் வேர்த்தது, கண் சுருங்கியது, சண்டை பிடித்துக்கொண்டது. பொழுது மேற்கே போகப்போக நிழலின் விளிம்பு ஊர்ந்து அவர்கள் காலை நோக்கி வந்ததால், எட்டி எட்டிப் பின்னால் போய் நின்றுகொண்டே பேசினார்கள்.

"ஊர்ச் சொத்தைத் தூக்கி மகளுக்குக் குடுக்க சடையாண்டி யாரு?" என்றார் வெள்ளைச்சாமி.

"அதை வெத்தலை குடுத்தன்னைக்குக் கேட்டிருக்கணும். பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீகள்ல? குடுத்த சீரைத் திருப்பிக் கேக்குறது எந்த ஊரு வழக்கம்? திருப்பினா உறவு அந்து போச்சுன்னு அர்த்தம். எம் மருமக ஆத்தா வீட்டு வாசலை மிதிக்க முடியுமா அதுக்கப்புறம்?" என்றாள் குருவத்தாய். அவள் குரல் திரும்பி வந்திருந்தது. அடிவானம் வரைக்கும் போயிற்று.

"அப்பச் சீரோட பொண்ணையும் அனுப்பிருங்க. நிழல் அவ பின்னாடிதானே வந்துச்சு? அவளும் பிள்ளையும் மேல இருந்தா நிழலும் மேல இருக்கும். யாருக்கும் வில்லங்கம் இல்லை" என்றார் வெள்ளைச்சாமி.

சரியான வழியாகத்தான் எல்லோருக்கும் பட்டது. காளிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளைச்சாமி நாகஜோதியைப் பார்த்து, "என்ன தாயி, வர்றியா?" என்று கேட்டார். தேனடுக்கத்துப் பெண், சரி என்று சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

வெயில் அவள் உச்சந்தலையில் இறங்கி, கழுத்தில் இறங்கி, நாக்கில் இறங்கியது.

"மாட்டேன்" என்றாள் நாகஜோதி.

சொன்னபிறகு தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "மாட்டேன் மாமா. எம் பிள்ளை அவ அப்பன்கிட்ட வளருவா. நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்றாள் குருவத்தாய்.

"அப்ப எங்க ஊரு காயட்டுமா?"

"காயவேண்டாம். ஒரு பிள்ளைக்கு எதுக்கு மாமா ஒரு மலை நிழல்? இவ எம்புட்டு நீளம் இருக்கா பாருங்க." பிள்ளையை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக் காட்டினாள். "பொங்கல் பானை வந்தா என்ன செய்றோம் அத்தை? வீட்டுக்கு வேணுங்கிற அளவு எடுத்து வச்சுக்கிட்டு, மீதியைப் பானையோட அனுப்புறோம். அதைச் சீரைத் திருப்பினதா யாராவது சொல்லியிருக்காங்களா?"

குருவத்தாய் யோசித்தாள். "சொன்னதில்லை. பானையை ஒட்ட வழிச்சு எடுக்கிறதுதான் மரியாதை இல்லை."

"ஒரு கட்டில் அளவு எடுத்துக்கிடுறேன். மீதி ஊருக்கு."

சடையாண்டி வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தார். நிழலின் விளிம்பு அவர் குதிகாலைத் தொட்டிருந்தது. "அது என்னத்துக்குக் காணும் தாயி? பாதி எடுத்துக்க. இல்லாட்டி முக்கால்வாசி எடுத்துக்க, நாங்க..."

"சம்மந்தி, இந்தப் பக்கம் வெயில்ல வந்து நில்லுங்க, பேச்சு மாறுது" என்று குருவத்தாய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெயிலுக்கு வந்ததும் சடையாண்டி மகளை நேராகப் பார்த்தார். "கட்டில் அளவுதான்?"

"கட்டில் அளவுதான்."

"எடுத்துக்க" என்றார்.

குருவத்தாய் வீட்டுக்குப் போய் ஒரு பழைய நூல்புடவையைக் கொண்டுவந்தாள். நாகஜோதி பிள்ளையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, நிழலின் ஓரத்தில், கொண்டைக்குக் கீழே ஆடு வராத இடமாகப் பார்த்துப் புடவையை விரித்தாள். நான்கு முனையையும் சேர்த்து மாமியாரும் மருமகளும் மிளகாய்ப் பொதி கட்டுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். தூக்கினால் கனம் ஒன்றுமில்லை, கைதான் சில்லென்றது. கட்டி எடுத்த இடத்தில் நிழலுக்கு நடுவே கட்டில் அளவுக்கு வெயில் விழுந்தது. வெள்ளைச்சாமி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இந்த ஓட்டையோடதான் இனி எங்களுக்கா?" என்று முனகினார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்து வேன் கிளம்பியபோது நிழல் காட்டிலிருந்து எழுந்து, வண்டிக்குப் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி நடந்து போனது. நாகஜோதி கை காட்டினாள். சுகப்பிரியா மட்டும் பின்கண்ணாடி வழியாகக் கை காட்டினாள்.

வெள்ளூரணி மறுநாளே பழைய வெள்ளூரணி ஆனது. குழாயடியில் குடம் நசுங்கியது. கோயில் கூரையில் சரிந்த ஓடுகளை ஒரே நாளில் மாற்றிவிட்டு அதற்கு யார் காரணம் என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். மடையை அடைத்தார்கள். நாகஜோதி வீட்டு முற்றத்தில் மட்டும் மூன்று மணிக்கு, மேலே ஒரு மரமும் இல்லாமல் ஒரு சுவரும் இல்லாமல், கட்டில் அளவுக்கு நிழல் விழுந்தது. அதில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கனியைத் தூங்கவைப்பாள். ஓரத்தில் இடம் இருந்தால் ரத்தக்கொதிப்புக்காரர்கள் வந்து காலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு உட்காருவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இரண்டு பேரையும் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் "நீங்க சாப்பிட்டீகளா" என்று சத்தம் கேட்கும். பேரம் பேச வருகிறவர்களை மட்டும் குருவத்தாய் கட்டில் பக்கம் விடமாட்டாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் கனி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குருவத்தாயும் படுத்து, யாரைப் பற்றியோ நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நாகஜோதியின் போன் அடித்தது.

"அக்கா" என்றாள் சுகப்பிரியா. குரல் மலைக்குரலாக இல்லாமல் தெளிவாக இருந்தது.

"சொல்லு. எங்க இருக்க?"

"ஓட்டையில நிக்கிறேன். வெயில் மண்டையைப் பொளக்குது." தேனடுக்கத்தில் மூன்று மணி நிழலுக்கு நடுவே, பிள்ளையார் கோயிலுக்கு எதிரில் கட்டில் அளவுக்கு வெயில் விழுகிறது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மல்லி, மிளகு காயப்போடுகிறார்களாம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க அக்கா. எல்லாரும் நிழல்ல உக்காந்திருக்காங்க. அப்பா சரின்னுட்டாரு. வெள்ளைச்சாமி மாமா சரின்னுட்டாரு. என்னையக் கேட்டாங்க. இருங்கன்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கிறேன்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"இல்லைக்கா."

நாகஜோதி கட்டிலை விட்டு எழுந்து வெயிலுக்கு வந்து நின்றுகொண்டாள். "சொல்லு அப்ப" என்றாள்.

போனில் தங்கை மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது தூரமாகக் கேட்டது: "எனக்கு வேண்டாம். நான் இந்தக் கல்யாணம் பண்ணிக்கமாட்டேன்."

யாரோ இருமினார்கள். காப்பி டம்ளர் ஒன்று தரையில் உருண்டது.

"என்னடி நடக்குது?"

"அப்பா எந்திரிச்சு வர்றாரு அக்கா." சுகப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "என் பக்கத்துல வந்து நிக்கிறாரு. மிளகை மிதிச்சிட்டாரு."

"திட்டுறாரா?"

"இல்லை. கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறாரு. இடம் பத்தலை, என்னைய ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு."

சடையாண்டி தொண்டையைச் செருமுவது கேட்டது. பாறையோடு கத்திய குரலும் இல்லை, வெற்றிலை கொடுத்த குரலும் இல்லை, ஒரு தகப்பன் சாதாரணமாகப் பேசுகிற குரலில், வந்தவர்களைப் பார்த்து அவர் சொன்னார்: "பிள்ளை சொன்னதுதானுங்க. நீங்க காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டு வாங்க."